அம்மா விட்ட உப்பு

திருநெல்வேலி ஜங்ஷனில் என்னைக் கூப்பிட வந்திருந்தவர்கள் அப்பா, தங்கச்சி, மாமா. அதோடு நான் முன்பின் பார்த்திராத நாலைந்து பேர் சரிகைத் துண்டும் மாலையுமாக நின்றிருந்தார்கள். அம்மா வரவில்லை.

துண்டு போட்டவர்கள் என்னை நடுவில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, சிரிங்க தம்பி" என்றார் ஒருவர். அவர்கள் போன பிறகு அப்பா சக்கரம் வைத்த என் டிரங்குப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். உருட்டிக்கொண்டே போகலாமே என்றால் கேட்கமாட்டார். வாழைத்தார் சுமந்தே பழகிய மனுசன், எந்தக் கனமும் அவருக்குத் தலையில்தான் நிற்கும்.

"அம்மா எங்க?"

தங்கச்சி என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். இடது காதில் எனக்கு இப்போது எதுவும் விழாது. கழுத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன்.

"தலை கிறுகிறுன்னு வருதாம்ணே. வீட்ல இருக்கா."

மாமா அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டிருந்தார். செவ்வேட்டி, வெறுங்கால், ஒரு மாதத் தாடி. "மருமவனே, ஊரே திரண்டு வந்தாலும் ஒன் அம்மை வரலன்னா அது கூட்டமே இல்லைல்லா? ஏறு, போயிருவோம். ராணுவத்துக்கு என் ஆட்டோவுல அரை டிக்கெட்டு" என்றார். அப்பா சிரிக்கவில்லை. மாமா வண்டியைக் கிளப்பினார். பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்க்கிற சாக்கில் மூன்று பேருமே வெளியே திரும்பிக்கொண்டார்கள். ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

வீட்டுக்குள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. நான் குனிந்து உள்ளே போனதும் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஏங்க, ஆள் வந்திருக்காவ, பாயை விரிங்க. வாங்க தம்பி. எம் மவன்கூட வேலை பாக்கீயளோ?"

"எம்மா, நாந்தாம்மா."

"நல்ல பிள்ளை. உக்காருங்க. அவனுக்கு எப்ப லீவு குடுப்பாவ?"

பெற்றவள் என்னை 'வாங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தங்கச்சி செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பாயில் உட்கார்ந்தேன். அம்மா என் பக்கம் விசிறியைத் தள்ளிவைத்தாள். மவன் நல்லாத் தின்கிறானா, குளிருக்குப் போர்வை தருகிறார்களா என்று கேட்டாள். தருகிறார்கள் என்றேன்.

நான் வேலை பார்த்த இடம் வடக்கே மலைமேல், எல்லைக்குப் பக்கம். பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி டெலிபோன் வயர் ஓடும். அதைக் காப்பது எங்கள் வேலை. குண்டு விழுந்தால் முதலில் அறுந்துபோவது வயர்தான். அறுந்ததும் வயரைக் கையில் பிடித்தபடியே தவழ்ந்து போய் நுனியைக் கண்டுபிடித்து, தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்ற வேண்டும். ஒருத்தன் தனியாகப் போகக்கூடாது என்பதால் இரண்டு பேராகப் போவோம். என்னோடு வருகிறவன் ஒடிசாக்காரன், என்னைவிட ஒரு வயது இளையவன். அவன் பேச்சு எனக்கும் என் பேச்சு அவனுக்கும் விளங்காது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினோம். அவன் ஊரில் பழைய சோற்றில் தயிர் விட்டுத் தின்பார்களாம். எங்கள் ஊரிலும் அதுதான் என்றபோது அவன் நம்பவில்லை.

சண்டை தொடங்கிய அன்றைக்கே செல்போன்களை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடைசியாக நாங்கள் வயர் ஒட்டப் போனபோது அவன் முறுக்கினான், நான் டேப் சுற்றினேன். வெடித்த சத்தம் கேட்டதாக நினைவில்லை. எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றுபோனதுதான் நினைவிருக்கிறது. அவன் என் இடது பக்கம் குந்தியிருந்தான். எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து அவனே வாங்கிக்கொண்டான். எனக்குக் காதும், கழுத்தில் தையலுமாகப் போயிற்று. அவனை மூடி எடுத்துப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒருநாள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும், அவன் அம்மா முன்னால் பாயில் உட்கார்ந்து, உங்கள் பையன் நன்றாகச் சாப்பிட்டான், குளிருக்குப் போர்வை இருந்தது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் சொந்த வீட்டிலேயே என்னை அப்படி உட்கார வைப்பார்கள் என்று நினைக்கவில்லை.

நடந்ததை அன்று சாயங்காலம் கிணற்றடியில் தங்கச்சி சொன்னாள். பீடி சுற்றுகிற விரல்களால் வாளிக் கயிற்றை நெரித்துக்கொண்டே சொன்னாள்.

சண்டை நடந்த நாட்களில் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏதோ சங்கு ஊதுகிற மாதிரிச் சத்தம், சிவப்பு எழுத்து. அந்த எழுத்தைச் சரளமாக வாசிக்க வீட்டில் ஆள் கிடையாது. படித்தவன் நான் ஒருத்தன், நான் அங்கே இருந்தேன். எட்டாவதோடு நின்ற தங்கச்சிதான் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். ஒரு மலைக் காவல் அரணே இல்லாமல் போய்விட்டது என்று ஓடியதாம். உண்மையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள் அதே டி.வி. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து உப்பு ஜாடியைத் தூக்கிவந்து முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். "தாயே, எம் மவன் வந்து என் கண்ணு முன்னால உக்காந்து ஒரு வாய் தின்கணும். அதுவரைக்கும் நான் உப்பு தொடமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் உப்பில்லா விரதம் புதிதில்லை. தசராவுக்கு மாலை போடுகிறவர்களில் சிலர் இருப்பார்கள், பத்து நாளோ பதினைந்து நாளோ. அம்மா நேர்ந்தது அப்படிக் கெடு வைத்த விரதம் இல்லை. நான் வருகிற வரைக்கும் என்றுவிட்டாள். ரெண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சண்டை நின்றும் லீவு தரவில்லை. அப்புறம் காதுக்கு ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு, இனி இவன் பட்டாளத்துக்கு ஆகமாட்டான் என்று எழுதி விடுவிக்கிற வரைக்கும் காத்திருப்பு. சித்திரையில் விட்ட உப்பு புரட்டாசி வரைக்கும் படத்துக்கு முன்னாலேயே இருந்தது.

போன் கையில் கிடைத்த பிறகு வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுவேன். "சாப்பிட்டியாய்யா?" "சாப்பிட்டேன். நீ?" "நான் என்ன, வேளாவேளைக்கு வழிச்சுத் தின்கேன்." நான் காதைச் சொல்லவில்லை, சளி பிடித்திருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவள் உப்பைச் சொல்லவில்லை. அப்பாவிடமும் தங்கச்சியிடமும் என் பேரில் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அவன் அங்கன பாதிச் சோத்துல எந்திச்சிருவான், சொன்னா பாத்துக்கோன்னா. நாங்க என்னண்ணே செய்ய?"

இதற்கு நடுவே அவள் வேலைக்கும் போயிருக்கிறாள். வெயிலில் வாழைக்குக் கட்டை நடுவது, நடவு, களை. ஆளுக்கு முந்தி வேர்க்கும், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள். பிரஷருக்கு மாத்திரையும் தின்றுகொண்டிருந்தாள். ஊசி போடுகிற அக்கா ஒரு தடவை, "உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்டபோது அம்மா பெருமையாக, "விட்டே போட்டேன்" என்றிருக்கிறாள். அந்த அக்கா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலை இல்லை" என்று சிரித்தாளாம். ஆவணியில் கை நடுங்கியது. அப்புறம் கதவைத் திறந்தால் மூட மறந்தாள். ரயில் ஏறிவிட்டேன் என்று நான் போன் செய்த அன்று, "யாரோ பேசுதாவ" என்று தங்கச்சியிடம் போனைக் கொடுத்திருக்கிறாள்.

சிக்கல் இதுதான். மவன் வந்தால் தின்பாள். மவன் வந்து எதிரே உட்கார்ந்திருந்தான். அவளைப் பொறுத்தவரை அவன் இன்னும் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன் மறுநாள். "எம் மவன் வந்து வாசல் பூட்டிக் கெடந்தா எங்கன போவான்?" என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கித் தூக்கினால் கத்தினாள், முகம் நீலமாகப் போயிற்று. அப்பா பயந்து கையை எடுத்துவிட்டார். ஊர் டாக்டரை வரவழைத்தோம். உடனே உப்பைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார் அவர்.

தங்கச்சி கஞ்சியில் ஒரு நுள்ளு உப்பைக் கரைத்துக் கொடுத்தாள். உதட்டில் பட்டதும் அம்மா துப்பினாள். கணவன் பெயரும் மகள் பெயரும் தடுமாறுகிறவளுக்கு நாக்கு மட்டும் தடுமாறவில்லை. "ஏட்டி, எம் மவன் உசுருல மண்ணை அள்ளிப் போடுதியா?" தங்கச்சியின் கன்னத்தில் அறைந்தாள். அடியில் வலு இல்லை. அது தங்கச்சியை இன்னும் அழவைத்தது.

யோசனை சொன்னது மாமா. "ஏலே, பேண்டு சட்டையில நீ பேங்குக்காரன் மாதிரி இருக்க. அவ மனசுல இருக்கது ராணுவக்காரன். அந்தச் சட்டையை மாட்டிட்டு வாசல்ல வந்து நில்லு."

பெட்டியில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. வெளியே போய், சந்து முனையிலிருந்து, அப்போதுதான் ஊருக்கு வருகிறவன் மாதிரி நடந்து வந்தேன். தசரா நாட்கள். பக்கத்துத் தெருவில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொரு அடிக்கும் என் முதுகு தானாகச் சுருங்கியது. வாசலில் நின்று, "எம்மா, வந்துட்டேன்" என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உள்ளே போனாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா சுளவில் அரிசியும் அதன்மேல் ஒரு பத்து ரூபாயும் வைத்து எடுத்து வந்தாள்.

"எந்த ஊரு செட்டு நீங்க?"

குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் செட்டுச் செட்டாக வேசம் கட்டி வீடுவீடாகக் காணிக்கை எடுக்கிற நாட்கள் அவை. குரங்கு வரும், ராசா வரும், போலீஸ் வரும். ராணுவமும் வரும்.

"வேசம் நல்லாப் பொருந்திருக்கு தம்பி. எம் மவனும் இந்த உசரந்தான்." பத்து ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேசம் கட்டியவன் அம்மனுக்குச் சமம். "தாய்கிட்ட சொல்லுங்க, எம் மவனை அனுப்பச் சொல்லி."

சொல்லுகிறேன் என்றேன்.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். மாமா அந்த வருசம் காளி கட்டுகிறார். காளி வேசம் நின்று வாக்குச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள், கேஸ் நடத்துகிறவர்கள் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்து நிற்பார்கள்.

"மாப்ள, நீரு போய் சொல்லும்வே. விரதத்தை ஏத்துக்கிட்டேன், உப்பு தின்னுன்னு."

மாமாவுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அத்தான், ஆட்டோவுல மீட்டருக்கு மேல வாங்குவேன், பொய் சொல்லுவேன். இதுல முடியாது. அம்மன் வேசத்துல நின்னு சொந்த வாக்கு சொன்னா நாக்கு அழுவிரும்."

"என்ன பொய்யி? மவன் வந்துட்டாம்லா. அன்னா நிக்காம்லா. நெசத்தைத்தானவே சொல்லப் போறீரு?"

மாமா வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் செட்டு எங்கள் வாசலுக்கு வந்தது. மேளம் நின்றது. கறுப்புச் சாயம், தோளுக்குப் பின்னால் எட்டுக் கை, முழங்கால் வரை சடை, தலையில் கண்ணாடி பதித்த கிரீடம், நெஞ்சுக்குத் தொங்குகிற சிவப்பு நாக்கு. அம்மா கைகூப்பி நின்றாள். மாமா நடுங்கினார். வேசத்தால் நடுங்கினாரா பயத்தால் நடுங்கினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குரலை அடியிலிருந்து எடுத்தார்.

"உம் மவன் வந்துட்டான்! உன் விரதம் எனக்கு வந்து சேந்துட்டு! உப்பு தின்னு!"

அம்மா தலையைச் சாய்த்து அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளையைக் கண்டிக்கிற மாதிரி விரலை ஆட்டினாள்.

"ஏலே தம்பி. அக்காகிட்டயே வேசம் போடுதியா?"

மேளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். "வெறும் வயித்தோட எத்தனை ஊரு சுத்துவ? இருந்து இளநி குடிச்சிட்டுப் போ" என்று மாமாவின் சாயம் பூசிய கன்னத்தைத் தடவினாள். கை கறுப்பாயிற்று. எட்டுக் கைக்கும் கிரீடத்துக்கும் நாக்குக்கும் உள்ளே இருந்த தம்பியை அவளுக்குத் தெரிந்தது. நான் ரெண்டடி தள்ளி, முகத்தில் ஒன்றுமே பூசாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா அங்கேயே தெருவில் குந்தி அழுதார். காளி அழுவதைப் பார்த்துப் பெண்கள் குலவை இட்டார்கள்.

அன்று மத்தியானமே அம்மாவுக்கு வலிப்பு வந்தது. இனி அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் வயதுப் பெண். ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்புல உப்பே இல்லையே. எவ்வளவு நாளா இப்படி? பிரஷர் மாத்திரையில சிறுநீர் போக வைக்கிறதும் இருந்திருக்கு, அதோட இருந்த உப்பும் போயிருக்கு. உப்புதான் ஏத்தணும். ஆனா பைய ஏத்தணும், சட்டுன்னு ஏத்தினா மூளை தாங்காது."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அவளுக்குத் தெரியாம ஏத்துங்கம்மா. தெரிஞ்சா பிடுங்கிப் போட்டுருவா" என்றார்.

சொட்டுச் சொட்டாக ஏறியது. நான் படித்த பள்ளிக்கூடத்திலும், பட்டாளத்துக்குப் போகுமுன் கல்லூரியில் இருந்த ஒரு வருசத்திலும் உப்பைப் பற்றி எத்தனையோ எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முற்பகல், வார்டில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நேரம், அம்மா கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள், பார்வை என்னிடம் வந்து நின்றது.

"எப்பலே வந்த?"

'லே' என்றாள். "இப்பதாம்மா" என்றேன்.

"ஏன் கழுத்தை அப்படித் திருப்புத?"

"ரயில்ல படுத்த சுளுக்கு."

"சாப்பிட்டியா?"

தங்கச்சி தூக்குச் சட்டியைத் திறந்தாள். கஞ்சிதான் இருந்தது. அம்மா பார்க்கப் பார்க்க நான் ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் என்றாள். குடித்தேன். பிறகு அவள் தங்கச்சி பக்கம் திரும்பி, "ஏட்டி, உப்பு இருக்கா?" என்றாள். தங்கச்சி வார்டு முழுக்க ஓடி, யாரோ ஒருத்தியிடம் காகிதத்தில் மடித்த உப்பு வாங்கி வந்தாள். டாக்டரம்மா தலையாட்டினார். ஒரு ஸ்பூன் கஞ்சியில் விரல்நுனி உப்பு. அம்மா நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னட்டி இப்படிக் கரிக்கு?"

அதைத்தான் நாங்கள் இப்போதும் வீட்டில் சொல்லிச் சிரிப்பது. சிரிக்க அது ஒன்றுதான் இருக்கிறது. வலிப்பு வந்தபோது வாயிலிருந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. அது சீழாகிக் காய்ச்சல் பிடித்தது. அந்த வாரம் முடியுமுன் அம்மா செத்துப்போனாள். கடைசி இரண்டு நாளும் என்னைத் தெரிந்தேதான் இருந்தாள். சொட்டு ஏறுகிற கையால் என் காதைத் தொட்டுப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

நான் இப்போது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறேன். லாரிக்காரர்கள் இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள். ஒடிசாவுக்கு இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வேன் என்று முன்பு தெரிந்திருந்தது, இப்போது தெரியவில்லை.

எங்கள் பக்கம் துட்டிக்கு, அதாவது சாவு விசாரிக்க, வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். அதைச் சொல்லி முடித்ததும் செலவைக் கேட்பார்கள். கேட்காவிட்டால் அக்கறை இல்லாதவர்கள் என்று ஆகிவிடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரும் கேட்டார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆசுபத்திரில மருந்துக்கு ஒண்ணும் வாங்கலண்ணாச்சி, ஏத்துன உப்புக்கும் துட்டு கேக்கல. வெளிய ரெண்டு ஊசி வாங்குனோம். பால், காப்பி, வண்டிக்காரருக்கு டீச்செலவு. சுடுகாட்டுச் செலவு, மேளம், இன்னைக்குச் சாப்பாடு. எல்லாம் சேத்து பதினோராயிரத்து நானூத்தி அறுவது."